ஆறு பேருக்கு ஒரு நிமிட மௌனம்

நேற்று லாவண்யா போன் செய்தாள். திருப்பதியில் நான் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த ஆர்ட் கேலரியில், நான் தேய்த்த அதே நாற்காலியை இப்போது தேய்த்துக்கொண்டிருக்கும் பெண். ஓவியக் கல்லூரியில் படித்தவள். கெட்டிக்காரி. அவள் பேசுவது தெலுங்கு, நான் தமிழில் தருகிறேன்.

"சார், இப்பல்லாம் கார்டு எழுதறது ரெண்டு நிமிஷ வேலை. படத்தோட போட்டோவை கம்ப்யூட்டர்ல போட்டு, ஆர்டிஸ்ட் எந்த ஊருன்னு சொல்லிட்டா போதும். அதுவே எழுதிடுது. நீங்க எப்படி சார் ஒரு கண்காட்சிக்கு ஒரு வாரம் எடுத்துக்கிட்டீங்க?"

கார்டு என்றால், கேலரிச் சுவரில் படத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒட்டியிருக்குமே, அந்த அட்டை. நீங்கள் படத்தை மூன்று விநாடி பார்த்துவிட்டு அதை முப்பது விநாடி படிப்பீர்கள். படித்துவிட்டு "ஓ" என்று சொல்லி அடுத்த படத்துக்கு நகர்வீர்கள். அந்த "ஓ"வை உற்பத்தி செய்வதுதான் என் உத்தியோகம். அதற்காக எனக்கு மாசச் சம்பளம் கொடுத்தார்கள் என்பதை என் சொந்தக்காரர்கள் இன்றுவரை நம்பவில்லை.

லாவண்யா சாம்பிளுக்கு ஒன்று படித்துக் காட்டினாள். "ஒரே வரிசையில் கிடத்தப்பட்ட ஆறு உடல்கள். இந்த மண் விழுங்கிய உழைப்பின் ஊமைச் சாட்சிகள். இவர்களின் மரணத்துக்கு யார் பொறுப்பு?"

அரை நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. அச்சு அசல் என் நடை. அப்புறம் அது போன இடம் தெரியவில்லை. ஏனென்றால் அந்தப் படம் எனக்குத் தெரியும். அந்த ஆறு பேரையும் தெரியும். ஆறு பேரும் நன்றாக இருக்கிறார்கள். அதில் மூன்றாவதாகப் படுத்திருக்கும் பிணம் போன கோடையில் எனக்கு ஒரு பை மாம்பழம் கொடுத்தனுப்பியது.

"நாளைக்குக் கூப்பிடுறேம்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். கூப்பிடுவதற்கு முன்னால் இதை எழுதி முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் முனிரத்தினம். புத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். நைனாவுக்கு நான்கு ஏக்கர் மாந்தோப்பு. நான் பி.ஏ. முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்து, ஒரு டிரஸ்ட் நடத்திய இந்தக் கேலரியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். சேர்ந்த மறுவாரம் டைரக்டர் சுதாகர் சார் என்னைக் கூப்பிட்டு, "தமிழ் வருமா? தெலுங்கு வருமா? இங்கிலீஷ் கொஞ்சம் வருமா?" என்று கேட்டார். மூன்றும் கொஞ்சம் வரும் என்றேன். "ஓவியம் பத்தி ஏதாவது தெரியுமா?" என்றார். ஒன்றும் தெரியாது என்றேன். "ரொம்ப நல்லது" என்று சொல்லி அன்றைக்கே கார்டு எழுத வைத்தார். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

சுதாகர் சாரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. கண்ணாடி நெற்றியில்தான் இருக்கும், கண்ணுக்கு இறங்குவது கார்டு படிக்கும்போது மட்டும். கேலரிக்குள் வந்தால் நேராக ஒரு படத்துக்குப் போவார், படத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார், கார்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பார். படித்து முடித்ததும் குதிகாலில் சட்டென்று திரும்பி, படத்தை ஒரு பார்வை பார்ப்பார். "ம். ஒத்துவருது" என்பார். அதாவது, கார்டு சொன்னபடி படம் நடந்துகொள்கிறதாம்.

ஒத்துவராவிட்டால் என்ன செய்வோம் என்று கேட்பீர்கள். கார்டுகளை அச்சடிப்பது சித்தூரில், சாருடைய மச்சான் பிரஸ்ஸில். பத்து நாள் முன்னாலேயே எழுதிக் கொடுத்தாக வேண்டும். படங்களோ திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால்தான் வேனில் வரும். எனவே எங்கள் கேலரியில் கார்டைத்தான் முதலில் ஒட்டுவோம். வெற்றுச் சுவரில் வரிசையாக இருபது கார்டு, ஒவ்வொன்றுக்கும் இடது பக்கம் படத்துக்கான ஆணி. வேன் வந்த பிறகு, எந்தப் படம் எந்தக் கார்டுக்குப் பொருந்தும் என்று பார்த்து மாட்டுவோம். பொருந்தாவிட்டால் படத்தைத் தூக்கி வேறு கார்டுக்குப் பக்கத்தில் மாட்டுவோம். நான் இருந்த வரைக்கும், ஒரே ஒரு தடவை தவிர, கார்டை மாற்றியதில்லை. படத்தைத்தான் மாற்றியிருக்கிறோம்.

எப்படி எழுத வேண்டும் என்பதையும் சார்தான் சொல்லிக் கொடுத்தார். படத்தில் மாடு இருந்தால் மாடு என்று எழுதக் கூடாது. "மாடுன்னு ஜனங்களுக்கே தெரியும்யா. தெரியாதத எழுது." ஆர்டிஸ்டின் ஊர் முதல் வரியில் வந்துவிட வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி இருக்க வேண்டும், அதற்குப் பதில் இருக்கக் கூடாது. நாற்பது வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. தேடல், வேர், மௌனம் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு வேண்டும். நான் சில கார்டுகளில் மூன்றையும் போட்டு நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன்.

ஒரு முறை ஐதராபாத்திலிருந்து ஒரு ஆர்டிஸ்ட் வந்தார். பெரிய ஆள். நீலப் பட்டை, அதற்குக் கீழே கொஞ்சம் வெளிர் நீலப் பட்டை, அவ்வளவுதான் படம். அப்படிப் பதினெட்டு. பதினெட்டு நீலத்துக்கும் நான் பதினெட்டு மௌனம் எழுதினேன். திறப்பு விழா அன்று அவர் தன் படங்களுக்குப் பக்கத்தில் இருந்த கார்டுகளை ஒவ்வொன்றாக நின்று படித்தார். படித்துவிட்டு என்னைத் தேடி வந்து கட்டிக்கொண்டார். "நான் என்ன பண்ணினேன்னு இன்னைக்குத்தான் எனக்கே புரிஞ்சுது" என்றார். அடுத்த மாதம் ஒரு பத்திரிகைப் பேட்டியில் என் வரிகளைத் தன் வரிகளாகச் சொல்லியிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. பட்டை அவருடையது, மௌனம் என்னுடையது, இருவரும் பங்காளிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கிண்டலாகவே எழுதிக்கொண்டு போகிறேன் என்பதால் எனக்கு இந்த ஆர்டிஸ்டுகள் மேல் மரியாதை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உண்டு. எக்கச்சக்கமாக உண்டு. படத்தை மாட்டிவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்று, தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டவர்கள் மாதிரி அங்கேயே நிற்பார்கள் பாருங்கள், அந்த முகத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒருத்தர் ஒரு மூலையில் இருந்த மஞ்சள் சரியில்லை என்று மத்தியானம் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் செய்ய முடியாது, அதுவும் தெரியும், ஆனாலும் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் எழுதிய எந்த மௌனத்துக்காகவும் நான் ஒரு வேளைச் சோறு விட்டதில்லை.

பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கேலரிக்குப் பெரும்பாலும் வருகிறவர்கள் மொட்டைத் தலையும் சந்தனமுமாக இருக்கும் குடும்பங்கள். மலைக்குப் போக டோக்கனில் போட்ட நேரம் இன்னும் வரவில்லை, வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஏசி இருக்கிறது. அதற்காக வருவார்கள். வந்தவர்கள் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நிற்பார்கள். கியூவில் நிற்கப் பழகிய ஜனம், அவசரப்படாது. விமரிசகர்கள் ஒரு சுற்று சுற்றி டீ குடிக்கப் போவதற்குள், இவர்கள் நான்கு படத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

இனி அமுதா விஷயம்.

அமுதா நகரிப் பக்கம், எல்லையோரக் கிராமம். அம்மா கன்னியம்மா தோப்பு வேலைக்குப் போகிறவள். அப்பா இல்லை. கூலிக்குப் போய்ப் பெண்ணைப் படிக்க வைத்து, சென்னையில் ஓவியக் கல்லூரிக்கு அனுப்பியிருந்தாள். அமுதாவுக்கு அது முதல் தனிக் கண்காட்சி. இந்த விவரமெல்லாம் ஒரு பக்கத் தாளில் வந்தது. சுதாகர் சார் அந்தத் தாளை என் மேஜையில் வைத்துத் தட்டினார்.

"முனிரத்னம், படமெல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன். ஆனா இதப் பாரு முதல்ல. ஊரு, அம்மா வேலை, அப்பா இல்ல. கார்டு தானா எழுதிக்கும்யா. பேனாவ மட்டும் புடிச்சிக்கோ."

நான் பிடித்துக்கொண்டேன்.

பெரிய படம் ஒன்று இருந்தது. போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரிந்தது. கொஞ்சம் மங்கல். மரங்கள், கீழே வரிசையாக ஆறு பெண்கள் மல்லாந்து கிடக்கிறார்கள். முகத்தின் மேல் வெள்ளைத் துணி. பாதங்கள் நம்மைப் பார்த்து நிற்கின்றன. தலைப்பு, 'பன்னெண்டரை மணி'. பன்னெண்டரை மணிக்கு என்ன நடந்திருக்கும்? அதுதான் தாளிலேயே இருக்கிறதே, ஊர், அம்மா வேலை, அப்பா இல்லை. "நகரி எல்லையின் செம்மண்ணில் ஒரே வரிசையில் ஆறு உயிரற்ற உடல்கள். பன்னெண்டரை மணியோடு நின்றுபோன ஆறு கடிகாரங்கள். இந்த மௌனத்தின் வேர் எங்கே?" எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது.

சாருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. புரோஷரின் அட்டையிலேயே போட்டார். சென்னையில் அடுக்குமாடி கட்டி விற்கும் ஒரு முதலாளிக்கு புரோஷர் போனது. படத்தைப் பார்க்காமலேயே, தன் ஆபீஸ் வரவேற்பறைக்கு அது வேண்டும் என்று சொல்லிவிட்டார். உழைப்பாளிகளின் தியாகத்துக்குத் தன் எளிய அஞ்சலி என்றாராம். ஒரு புதுப் பெண்ணின் முதல் கண்காட்சியில், கதவு திறப்பதற்கு முன்பே பெரிய படம் போகிறது. இது எங்கள் கேலரியில் நடந்ததே இல்லை.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் வேன் வந்தது. அந்தப் பெரிய படத்தை நானும் ஆணி அடிக்கிற பாஷா பாயும் சேர்ந்துதான் பிரித்தோம். எட்டு அடி நீளம். சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது சட்டைகள். புடவைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை. தோப்பு வேலைக்குப் போகும் பெண்கள் அப்படித்தான் போட்டுக்கொள்வார்கள். பக்கத்தில் தோத்தாபுரி மாங்காய் நிரம்பிய பிளாஸ்டிக் கிரேட்டுகள். கவிழ்த்து வைத்த ஆறு டிபன் பாக்ஸ். ஒன்றின் மேல் எறும்பு. அப்புறம் முகத்துத் துணியைப் பார்த்தேன். அது ஈக்காக மூடின துண்டு. முதல் பெண்ணின் வாய்க்கு நேராகத் துண்டு லேசாக உப்பியிருக்கிறது. இரண்டாவது பெண்ணுக்கு உள்ளே அமுங்கியிருக்கிறது. மூன்றாமவளுக்குப் பாதி உப்பல். நான்காமவளுக்கு இப்போதுதான் இறங்குகிறது. ஐந்தாமவளுக்குத் துண்டின் ஓரம் மட்டும் அசைந்து தூக்கி நிற்கிறது, குறட்டை. ஆறு பேர் இல்லை, ஐந்து பேருக்குத்தான் துண்டு. ஆறாவது பெண் துண்டை விலக்கி ஒரு கண்ணை மட்டும் திறந்து, மேஸ்திரி வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வெறும் துணியில் மூச்சை வரைந்திருந்தாள் அந்தப் பெண். ஐந்து மூச்சு, ஐந்தும் வேறு வேறு. முப்பது வருஷம் மௌனம் எழுதியவன், அந்தப் படத்துக்கு முன்னால் முதல் தடவையாக வாயடைத்து நின்றேன். இப்படி ஒரு படத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இதைவிட எளிமையாக அதைப் பாராட்ட எனக்குத் தெரியவில்லை.

"நல்லா தூங்குதுங்க" என்றார் பாஷா பாய். அவர் கார்டு படிப்பதில்லை.

நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். என் கார்டு ஏற்கெனவே ஒட்டியிருந்தது. உயிரற்ற உடல்கள்.

இதில் எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. எங்கள் நைனா தோப்பிலும் மாங்காய் சீசனில் பெண்கள் வேலைக்கு வருவார்கள். பன்னெண்டு மணிக்குச் சாப்பாடு, பன்னெண்டரைக்குப் படுப்பார்கள். ஒரு மணி ஆனதும் நைனா கைதட்டி எழுப்புவார். லீவு நாளில் அவருக்குப் பதில் நான் கைதட்டியிருக்கிறேன். இந்தப் படத்தில் இருப்பதை நான் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன். தாளில் ஊரையும் வேலையையும் படித்ததும் அவர்களைச் சாகடித்துவிட்டேன்.

அமுதா அன்று மத்தியானமே வந்தாள். ஒல்லியான பெண், தோளில் துணிப்பை. படத்தைப் பார்க்கவில்லை, நேரே கார்டுக்குப் போனாள். படித்தாள். கையில் இருந்த புரோஷரைப் பார்த்தாள். மறுபடி கார்டு.

"இது யாரு சார் எழுதனது?"

"நான்தாம்மா."

"மூணாவதா படுத்துகினு கீறது எங்கம்மா சார்." அவள் குரல் உயரவேயில்லை. "நாளன்னைக்கி வராங்க. ஆறு பேரும் வராங்க. அவங்களுக்குத் தமிழும் தெரியும், தெலுங்கும் தெரியும். உசுரோட கீறவங்கள இப்படி எழுதிட்டீங்களே."

"வாம்மா, சார்கிட்ட கேட்போம்" என்றேன்.

சுதாகர் சாரிடம் போனோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அன்பாகவே பேசினார்.

"சூடம்மா, இங்க பாரு, நீ சின்னப் பொண்ணு. படம் உன் கையவிட்டு வந்தாச்சுன்னா அது பார்க்கறவனோடது. நீ தூக்கம்னு நினைச்ச. பார்க்கறவன் மரணம்னு நினைக்கறான். அது உன் படத்தோட ஆழம்."

"யாரு சார் பார்த்தது? இன்னும் மாட்டவே இல்லியே."

"வாங்கப் போறவர் அந்தக் கார்டைப் படிச்சுதான் வாங்கறார். மாத்தினா போயிடுவார். யோசிச்சுக்கோ. உனக்கு முதல் ஷோ."

"வாங்கறவரு வாங்கட்டும் சார். எங்கம்மாவப் பொணம்னு சொல்லி வாங்க வேணாம்."

சார் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுய்யா. முப்பது வருஷ அனுபவம்."

எனக்கு ரிடையர்மென்டுக்கு ஏழு மாசம் இருந்தது. கேலரியில் கார்டை மாற்றிய வழக்கம் இல்லை. "சார் சொல்றதும் யோசிக்க வேண்டியதுதாம்மா" என்றேன். அமுதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் வெளியே போய்விட்டாள். நான் வாழ்க்கையில் எழுதிய வரிகளிலேயே கேவலமானது அந்தக் கார்டு என்று நினைத்திருந்தேன். இல்லை, வாயால் சொன்ன இந்த வரிதான்.

திறப்பு விழா காலை பத்தரைக்கு. ஆறு பேரும் ஒரு ஷேர் ஆட்டோ பேசிக்கொண்டு புத்தூர் வழியாக வந்து இறங்கினார்கள். நல்ல புடவை, தலை நிறையப் பூ. ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே இரண்டு பேருக்குச் சிரிப்பு. நாற்காலிகளில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். படத்தின் மேல் ஒரு பட்டுத்துணி போட்டிருந்தோம், சிறப்பு விருந்தினர் விலக்க வேண்டும் என்பதற்காக. சென்னை முதலாளி முதல் வரிசையில் இருந்தார். அமுதா சுவர் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அம்மாவிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற ஒரு பெரிய அதிகாரி. பேசத் தெரிந்தவர். புரோஷரைக் கையில் எடுத்து என் கார்டைத் தெலுங்கில் வாசித்தார். "உயிரற்ற உடல்கள்" என்ற இடத்தில் நிறுத்தி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார்.

"இந்த ஆறு தாய்மார்களுக்காக நாம் எல்லாரும் எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌனம் அனுசரிப்போம்."

எல்லாரும் எழுந்தார்கள். சென்னை முதலாளி எழுந்து கண்ணை மூடினார். மூன்றாவது வரிசையில் அந்த ஆறு பேரும் எழுந்தார்கள். எல்லாரும் நிற்கும்போது நாமும் நிற்க வேண்டும் என்கிற மரியாதை. ஆறு பேரும் தலையைக் குனிந்து, தங்களுக்காகத் தாங்களே மௌனம் அனுசரித்தார்கள்.

அமுதா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நிமிஷம் போல நீளமான நிமிஷம் எனக்கு வாய்த்ததில்லை. மௌனம் என்ற வார்த்தையை அத்தனை வருஷம் அள்ளி அள்ளிப் போட்டவனுக்கு, அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மௌனம் முடிந்து விருந்தினர் பட்டுத்துணியை விலக்கினார்.

மூன்றாவது வரிசையில் ஒருத்தி, "ஏ, இது நம்ம பெருமாள் தோப்புடி" என்றாள்.

"உன் காலப் பாருடி. வெடிப்புகூட வுடல இந்தப் பொண்ணு."

"அது யாரு ஒரு கண்ண முழிச்சிகினு கீறது?"

"நீதான், வேற யாரு? நீ என்னிக்கி ஒழுங்கா தூங்கன?"

சிரிப்பு கிளம்பிவிட்டது. அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. ஒருத்தி அடக்கினால் பக்கத்தில் இருப்பவள் கொட்டிவிடுகிறாள். விருந்தினர் மைக்கைப் பிடித்தபடி திகைத்து நின்றார். சுதாகர் சார் என்னைப் பார்த்துக் கண்ணால் சைகை காட்டினார், போய் அமர்த்து என்று. நான் போனேன்.

"அம்மா, கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

கன்னியம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. "இன்னா சார், நாங்க செத்துட்டம்னு அந்தப் பெரியவரு படிக்கிறாரு? துன்னுட்டு படுத்துகினு இருந்தம். ஒரு மணிக்கு மேஸ்திரி எழுப்பிடுவான். அதுக்குள்ள எங்க சாவறது? யாரு சார் அப்பிடி எழுதனது?"

"நான்தாம்மா."

சிரிப்பு நின்றது. கோபம் இல்லை அவள் முகத்தில். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி கேட்டாள்.

"ஏன் சார், நீங்க படத்தப் பாத்தீங்களா?"

"பார்த்தேம்மா" என்றேன். பிறகு, "போன்ல" என்றேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வேலை தெரியாத ஆளை மேஸ்திரி அனுப்பிவிட்டால் பெண்கள் அப்படித்தான் தலையாட்டுவார்கள்.

நான் நேராகச் சுவருக்குப் போனேன். மேஜைச் சாவியால் கார்டின் ஓரத்தை நெம்பினேன். முப்பது வருஷப் பசை அனுபவம், கார்டின் மூலையோடு கொஞ்சம் சுவர்ச் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. அதன் பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் தமிழிலும் தெலுங்கிலும் எழுதினேன். நாற்பது வார்த்தை தேவைப்படவில்லை.

'பன்னெண்டரை மணி. ஆறு பேர் தூங்குகிறார்கள். சத்தம் போடாமல் பாருங்கள்.'

ஒட்டிவிட்டுத் திரும்பினால் சுதாகர் சார் பின்னால் நிற்கிறார். போச்சு என்று நினைத்தேன். அவர் பழக்கம் விடவில்லை. கண்ணாடியை இறக்கி, கார்டைப் படித்து, குதிகாலில் திரும்பிப் படத்தைப் பார்த்தார். வழக்கமான ஒரு பார்வை இல்லை. ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒரு கண்ணு தொறந்திருக்குதேய்யா" என்றார். "ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

சென்னை முதலாளியும் புதுக் கார்டைப் படித்தார். படித்துவிட்டு சாரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவர் சொன்னதைச் சார் பிறகு என்னிடம் சொன்னார். வரவேற்பறையில் வேலையாட்கள் தூங்குகிற படத்தை மாட்டினால் ஊழியர்களுக்குத் தப்பான உதாரணமாகிவிடும், அதனால் வேண்டாம். செத்த கூலிக்காரிகளை மாட்டத் தயாராக இருந்தவருக்குத் தூங்குகிற கூலிக்காரிகளை மாட்ட மனசு வரவில்லை.

அமுதாவுக்கு அன்று எவ்வளவு பெரிய நஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் முதலிலேயே படத்தைப் பார்த்து எழுதியிருந்தால், வேறு யாராவது அதை அதாகவே பார்த்து வாங்கியிருக்கலாம். மன்னிப்புக் கேட்கப் போனேன். "எங்கம்மா சிரிச்சத பாத்தீங்க இல்ல சார், அது போதும்" என்றாள். அவளுக்குக் கண் சிவந்திருந்தது. போதும் என்று சொன்னதில் பாதிதான் நிஜம் என்று எனக்குப் பட்டது.

அன்று மத்தியானம் ஒரு மொட்டைத் தலைக் குடும்பம் உள்ளே வந்தது. அப்பா, அம்மா, மூன்று குழந்தைகள். குழந்தைகள் ஒரே கூச்சல். அப்பா கார்டைப் படித்தார். உதட்டில் விரல் வைத்து, "உஷ்" என்றார். ஐந்து பேரும் படத்துக்கு முன்னால் மெதுவாக நடந்து போனார்கள். கடைசிக் குழந்தை போகும்போது திறந்திருந்த அந்த ஒரு கண்ணைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனது. என் கார்டு ஒன்று வேலை செய்ததை நான் கண்ணால் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஏழு மாதம் கழித்து ரிடையர் ஆனேன். சுதாகர் சாரும் இப்போது ஐதராபாத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். அந்தப் படம் விற்கவேயில்லை. வீட்டில் வைக்க இடமில்லாமல் அமுதா ஒரு சிநேகிதியின் ஸ்டுடியோவில் வைத்திருந்தாள். இப்போது அவளுக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. திருப்பதிக்கு மறுபடியும் வருகிறாள், பழைய படங்களும் புதியவையும் சேர்த்து. லாவண்யா போன் செய்தது அதற்காகத்தான்.

இவ்வளவு எழுதிவிட்டு, சொன்னபடி அவளைக் கூப்பிட்டேன்.

"அந்த ஆறு பேர் படம்மா, கார்டு அச்சுக்குப் போயிடுச்சா?"

"நேத்தே போயிடுச்சு சார். ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. நீ படத்தப் பார்த்தியாம்மா?"

"பார்த்தேனே" என்றாள். "போன்ல."

வேன் வியாழக்கிழமை வருகிறதாம். திறப்பு விழா சனிக்கிழமை, ஆறு பேரும் வருகிறார்கள் என்று கன்னியம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கே நான் திருப்பதி கிளம்புகிறேன். சுண்ணாம்பு ஒட்டின அந்தப் பழைய கார்டை அலமாரியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்தாயிற்று.